கோல் விட்டவன்

சேரப்பணஞ்சேரி
20.1.1991

அன்பு மச்சான் கார்முகிலுக்கு,

மாமா திருநாவுக்கரசு எழுதுவது. நானும் உன் அக்கா குழலியும் இங்கே சௌக்கியம். குழலிக்கு முதுகுவலி மட்டும் விட்டபாடில்லை. ஓசூர்க் குளிர் உனக்கும் பூர்ணிமாவுக்கும் ஒத்துக்கொள்கிறதா? புது யூனிட், புது வீடு, எல்லாம் எப்படி என்று விவரமாக எழுது.

பொங்கலுக்கு வருவாய் என்று பார்த்தோம். மூன்று நாளும் பஸ் சத்தம் கேட்டால் உன் அக்கா வாசலுக்குப் போய்ப் போய் வந்தாள். டிசம்பரில் நீ கோல்கீப்பராக நின்ற கடைசி மேட்சில், கிரவுண்டில் நடந்ததை மனதில் வைத்துக்கொண்டிருந்தால் விட்டுவிடு. கூட்டத்தில் கோபத்தில் ஆயிரம் நடக்கும். உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

என் கோபமெல்லாம் பர்சனல் ஆபீசர் ராஜமாணிக்கத்தின் மேல். அந்த ஆள் டீம் மேனேஜராக வந்து ஆறு வருஷம். ஆறு வருஷமும் நம் வேகவதி காஸ்டிங்ஸ் டீம் கடைசிப் படியில் வழுக்கி விழுகிறது. டீம் ஆரம்பித்த ஆயுத பூஜை அன்று பெரிய முதலாளி மேடையில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்: “நம்ம டீம் சீனியர் டிவிஷனுக்குப் போற அன்னிக்கு, ஆடுற பதினாலு பேரும் பர்மனென்ட்.” அதை நோட்டீசாக அடித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். இன்றுவரை பையன்கள் பகலில் உலையடியில் டெம்பரரியாக மண் அள்ளுகிறார்கள், சாயங்காலம் பந்து உதைக்கிறார்கள். ஜெர்சி கிழிந்தால் அவரவர் வீட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். மெட்ராசுக்கு மேட்ச் ஆடப் போக வேன் கேட்டால், ஆபீசர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்று பதில். ஒரகடத்தில் பஸ் ஏறி, தாம்பரத்தில் ரயில் மாறி, போய்ச் சேரும்போதே பாதிக் கால் செத்துவிடும். அப்புறம் எங்கே ஜெயிப்பது?

இந்த வருஷம் அந்த ஆளை விடப்போவதில்லை. போன அக்டோபரில் போர்மேனைப் பிடித்துத் தள்ளியதற்காக எனக்கு ஒரு சார்ஜ் ஷீட் கொடுத்தார்களே, அது டிசம்பரில் வெறும் எச்சரிக்கையோடு முடிந்துவிட்டது. பயந்துவிட்டார்கள். மோல்டிங் செக்‌ஷன் மொத்தமும் என் பின்னால் நிற்கிறது என்று தெரியும். அதே பயத்தை ராஜமாணிக்கத்துக்கும் காட்டுவேன்.

உடனே பதில் போடு. பூர்ணிமாவுக்கு எங்கள் ஆசிகள்.

உன் மாமா,
திருநாவுக்கரசு


ஓசூர்
9.2.1991

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கார்முகில் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பூர்ணிமாவும் நலம். அக்காவின் முதுகுக்கு வாலாஜாபாத்தில் எண்ணெய் போட்டு நீவும் வைத்தியர் ஒருவர் இருப்பதாக இங்கே ஒருவர் சொன்னார். அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

குளிர் அதிகம்தான். காலை ஷிப்டில் இரும்பைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். தண்ணீர்க் கஷ்டம் இல்லை.

உங்கள் சார்ஜ் ஷீட் முடிந்ததில் சந்தோஷம். இனி யாரையும் பிடித்துத் தள்ளாதீர்கள் மாமா.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
கார்முகில்


சேரப்பணஞ்சேரி
3.3.1991

அன்பு மச்சானுக்கு,

நலம். உங்கள் நலமும் அவ்வண்ணமே இருக்கட்டும். உன் கடிதம் வந்தது. வைத்தியர், தண்ணீர், தெலுங்குக்காரர் எல்லாம் எழுதியிருக்கிறாய். பந்து பற்றி ஒரு சொல் இல்லை. ஐந்து வருஷம் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவன் எழுதும் கடிதமா இது? உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “அவனுக்கு வேற வேலை இருக்காதா?” என்றாள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

இங்கே நாங்கள் ரசிகர் சங்கம் ஆரம்பித்துவிட்டோம். அறுபத்திரண்டு பேர். நான் தலைவர், டைம் ஆபீஸ் கோபால் செயலாளர். போன வாரம் நான்கு பேராக ராஜமாணிக்கத்தின் அறைக்குப் போனோம். புதுக் கோச் போட்டிருக்கிறார். யார் தெரியுமா? அவருடைய சொந்த ஊர்க்காரர். வாழ்நாளில் வாலிபால் மட்டும் ஆடியவர்.

“வாலிபால் ஆடினவரை இன்னாத்துக்கு சார் புட்பாலுக்குக் கோச்சா போட்டுகினு?” என்று கேட்டேன்.

“ரெண்டும் உருண்டைதானே அரசு?” என்றார். அறையில் இருந்த கிளார்க்குகள் சிரித்தார்கள்.

“பசங்க வயித்தெரிச்சல் சார் இது. வருசா வருசம் கடைசி மேட்ச்ல போவுது. ஒரு தபா நீங்க வந்து பாத்தீங்களா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “நீங்க பாக்கற ஜனம். வாங்க, பாருங்க, கை தட்டுங்க. டீமை நடத்தறது எங்க வேலை. அதுல மூக்கை நுழைச்சா, டிசம்பர்ல பூட்டின பைலை நான் மறுபடி திறக்கணும்.”

வெளியே வந்து, கேன்டீனில் வாங்கிய டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பயத்தால் இல்லை மச்சான். ஆறு வருஷமாக மழையிலும் வெயிலிலும் கத்திய தொண்டை இது. அந்த ஆளுக்கு நாங்கள் வெறும் கைதட்டும் ஜனம். அவர் தலை குனிந்து நிற்பதை ஒருநாள் அத்தனை பேரும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் நான் ரிடையர் ஆக மாட்டேன்.

உனக்கு அந்த ஆளைப் பற்றி ஏதாவது தெரியுமா? டீமுக்குள் இருந்தவன் நீ. எழுது.

பூர்ணிமாவுக்கு எங்கள் அன்பு.

மாமா,
திருநாவுக்கரசு


சேரப்பணஞ்சேரி
16.6.1991

அன்பு மச்சானுக்கு,

நான்கு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமாக இருக்கிறாய் என்று உன் யூனிட்டிலிருந்து லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பூர்ணிமா முழுகாமல் இருப்பதையும் அவர்தான் சொன்னார். உன் அக்கா ஒரு பக்கம் சந்தோஷப்பட்டாள், மறுபக்கம் அழுதாள். இதை நீயே எழுதக் கூடாதா?

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். நான் எழுத வேண்டியதில்லை. பத்து நாள் கம்பெனி கேட் திறக்கவில்லை. சைக்கிளில் போனாலும் நிறுத்தி, ஊர் பேர் கேட்டு, டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னார்கள். ஊரின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். லீக் மேட்சுகளை ஆகஸ்டுக்குத் தள்ளிவிட்டார்கள்; இந்த வருஷம் மேட்சைக் குறைத்து நவம்பரிலேயே முடிப்பார்களாம்.

சும்மா இருந்த அந்த நாட்களில் நானும் கோபாலும் பேசிக்கொண்டிருந்தோம். டைம் ஆபீசில் யார் எந்த யூனிட்டுக்கு மாறிப் போனார்கள் என்ற ரிஜிஸ்டர் அவன் கையில்தான் இருக்கிறது. பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். “நம்ம பிளேயருங்கள்ல வருசத்துக்கு ஒருத்தன் பர்மனென்ட் ஆவுறான் பாத்தியா? கரெக்டா ஜனவரி மாசம்.”

நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. டிசம்பரில் கடைசி மேட்ச் தோற்கிறோம். ஜனவரியில் ஒருவன் மட்டும் பர்மனென்ட் ஆகி, வேறு யூனிட்டுக்குப் போகிறான். ஏன் ஒருவன் மட்டும்? ஏன் ஜனவரி?

நீ என்ன நினைக்கிறாய்?

பூர்ணிமாவைப் பாரம் தூக்க விடாதே.

மாமா,
திருநாவுக்கரசு


ஓசூர்
2.7.1991

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நலம். பூர்ணிமாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. எழுதாதது என் தப்பு. அக்காவிடம் மன்னிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதைப் பற்றி: அதை விட்டுவிடுங்கள் மாமா. தோற்ற டீம் தோற்றதுதான். உங்களுக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அந்த ரிஜிஸ்டரைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

கார்முகில்


சேரப்பணஞ்சேரி
14.7.1991

கார்முகிலுக்கு,

நாங்கள் நலம்.

விட்டுவிடச் சொன்னாய். நான் விடவில்லை. கோபால் ரிஜிஸ்டரிலிருந்து எடுத்துக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன்.

86 ஜனவரியில் லெஃப்ட் பேக் சுப்பன், ராணிப்பேட்டை யூனிட். 85 கடைசி மேட்சில் சும்மா வந்த பந்தைக் கையால் தொட்டுப் பெனால்டி கொடுத்தவன். 88 ஜனவரியில் வாலாஜாபாத்திலிருந்து வந்த அந்த உயரமான பார்வர்டு. காலியாகக் கிடந்த கோலுக்கு வெளியே அடித்தானே, அவன்தான். நாமெல்லாம் தலையில் கை வைத்து, “பாவம், நெர்வஸ் ஆயிட்டான்” என்று சொன்னோம். 87, 89, 90 ஜனவரிகளுக்கும் பெயர் இருக்கிறது. எல்லாருமே கடைசி மேட்சில் ஏதோ ஒரு தப்புச் செய்தவர்கள். எல்லா ஆர்டரிலும் ராஜமாணிக்கத்தின் கையெழுத்து.

இப்போது கணக்குப் புரிகிறது. சீனியர் டிவிஷனுக்குப் போனால் பதினான்கு பேரைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும். போகாமல் இருக்க ஒருவனை ஆக்கினால் போதும். ஆறு வருஷமாக நாம் கத்தியது, மழையில் நனைந்தது, பையன்கள் ரத்தம் சிந்தியது எல்லாம் அந்த ஆபீஸ் அறையில் முன்கூட்டியே முடிந்துபோன ஆட்டத்துக்காக.

91 ஜனவரிக்கு நேரே இருக்கும் பெயரை நான் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. அதை நீ எழுது.

திருநாவுக்கரசு


ஓசூர்
25.8.1991

மாமாவுக்கு,

வணக்கம். பூர்ணிமா நலம். அக்காவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

91 ஜனவரிக்கு நேரே இருக்கும் பெயர் கார்முகில்.

மேட்சுக்கு மூன்று நாள் முன்னால் ராஜமாணிக்கம் என்னைக் கூப்பிட்டார். நின்றுகொண்டே பேசினேன், உட்காரச் சொல்லவில்லை. மேசைமேல் இரண்டு காகிதம் வைத்தார். ஒன்று உங்களை டிஸ்மிஸ் செய்யும் ஆர்டர், டைப் அடித்துத் தயாராக இருந்தது. மற்றது எனக்கு ஓசூரில் பர்மனென்ட். “உங்க மாமா கை நீட்டினது சின்ன விஷயமில்ல தம்பி. ஆனா சின்ன விஷயமா ஆக்கலாம். ஞாயித்துக்கிழமை ஆட்டம் எப்படி முடியுதோ, திங்கக்கிழமை ஒரு காகிதத்தைக் கிழிப்பேன், ஒண்ணுல கையெழுத்துப் போடுவேன்” என்றார்.

உங்களுக்காகத்தான் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது மாமா. முதலில் கிழித்த கடிதங்களில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் பர்மனென்ட் என்ற சொல்லும் என் காதில் விழுந்தது. இரண்டில் எது பெரிதாக விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மைதானத்துக்குள் போகும்போதுகூட நான் முடிவு செய்யவில்லை. அவர்கள் அடித்த முதல் கோலை யாராலும் தடுத்திருக்க முடியாது. அது நிஜமான கோல். அதை நினைத்து இன்றும் ஆறுதல் அடைகிறேன். அப்புறம் நம் பார்வர்டு சாம்சன் ஒன்று அடித்தான், ஒன்றுக்கு ஒன்று. நமக்கு டிரா போதும். எண்பத்திரண்டாவது நிமிஷம். தூரத்திலிருந்து ஒருவன் சும்மா உருட்டிவிட்டான். குழந்தைகூடப் பிடிக்கும் பந்து. என் கை தானாக அதை நோக்கிப் போனது. நான்தான் கையை இழுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பின்னந்தலையில் வந்து விழுந்த செருப்பு உங்களுடையது என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன், நீங்கள் ஒற்றைக் காலில் நின்று கத்திக்கொண்டிருந்தீர்கள். அதைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நீங்கள் எறிந்தது நியாயம். எனக்குப் பொறுக்காதது, ஜனவரியில் “உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை” என்று எழுதினீர்களே, அதுதான்.

கார்முகில்


சேரப்பணஞ்சேரி
8.9.1991

அன்புத் தம்பிக்கு,

அக்கா குழலி எழுதுவது. பூர்ணிமாவுக்கு ஏழாம் மாதம் என்பதால் புளிப்பு மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் லாரி டிரைவர் கையில் அனுப்பியிருக்கிறேன். உடைந்திருந்தால் எழுது.

உன் கடிதத்தை அவர் என்னை உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். டைம் ஆபீசில் நின்றுகொண்டு, “என் சார்ஜ் ஷீட்டை மறுபடி எடுங்க. விசாரிங்க. நான் அடிச்சேன்னு எழுதிக் குடுக்கறேன். டிஸ்மிஸ் பண்ணுங்க” என்று கத்தியிருக்கிறார். கோபால்தான் வாயைப் பொத்திப் பிடித்து, சைக்கிளில் வைத்துக் கூட்டி வந்தார். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. என்னோடும் பேசவில்லை.

இப்போது பேசுகிறார். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எந்நேரமும் ராஜமாணிக்கம், ராஜமாணிக்கம் என்றே இருக்கிறார். உன் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். குளிக்கப் போனாலும் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போகிறார். கடைசி மேட்ச் அன்று டீம் பையன்களுக்குப் படித்துக் காட்டப் போகிறாராம்.

அது வெளியில் போனால் உன் வேலை போகும். வேண்டாம் என்று அவருக்கு ஒரு வரி எழுது. நான் சொல்லிக் கேட்கவில்லை, நீ சொன்னால் கேட்பார். உன்மேல் செருப்பை எறிந்து அநியாயம் செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். அதை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டும் என்று துடிக்கிறார். அந்தத் தலை உன்னுடையதாக ஆகிவிடக் கூடாது.

உன் அக்கா,
குழலி


ஓசூர்
29.9.1991

மாமாவுக்கும் அக்காவுக்கும்,

வணக்கம். நலம். ஊறுகாய் உடையாமல் வந்து சேர்ந்தது. பூர்ணிமா பாதிப் பாட்டிலைத் தீர்த்துவிட்டாள்.

அக்கா, நீ வேண்டாம் என்று எழுதச் சொன்னாய். என்னால் எழுத முடியவில்லை.

மாமா, கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். இந்த வருஷம் அவர் யாரைக் கூப்பிடுவார் என்று உலையடியில் நிற்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். சாம்சனாகத்தான் இருக்கும். அவன்தான் கோல் அடிக்கிறவன். அவன் அந்த அறையில் நின்றுகொண்டு இரண்டு காகிதத்தைப் பார்ப்பதை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எனக்குச் செய்ததற்காக அந்த ஆளை ஏதாவது செய்ய வேண்டும். என்னால் அங்கே வர முடியாது. அவர் முகம் சுருங்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

ஒரே நிபந்தனை. என் பெயரைச் சொல்லாதீர்கள். பெயரை மடித்துப் பிடித்துக்கொண்டு, ஊரும் உறவும் தெரியாமல், அவர் இரண்டு காகிதம் வைத்த இடத்தை மட்டும் படியுங்கள். வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. நான் நன்றாக ஆடியதால்தான் இந்த வேலை கிடைத்தது என்று பூர்ணிமா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கார்முகில்


சேரப்பணஞ்சேரி
24.11.1991

அன்பு மச்சானுக்கு,

நாங்கள் நலம். பூர்ணிமாவுக்கு நாள் நெருங்கியிருக்கும். பிரசவம் ஆனதும் தந்தி கொடு.

ஜெயித்துவிட்டோம். இரண்டுக்கு ஒன்று. வேகவதி டீம் சீனியர் டிவிஷனுக்குப் போய்விட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். மேட்சுக்கு ஒரு வாரம் முன்னால் நானும் கோபாலும் காஞ்சிபுரத்தில் பெரிய முதலாளி வீட்டுக்குப் போனோம். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, அவருடைய பழைய நோட்டீசையும் அதன்மேல் வைத்தோம். கிழவனார் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். “நான் சொன்னதா இது? இன்னும் ஆடிக்கிட்டா இருக்காங்க?” என்று கேட்டார். வருகிறேன் என்றார். ராஜமாணிக்கத்துக்கு இது தெரியாது.

போன ஞாயிறு விடாத மழை. லாரி பிடித்து நூற்றுப்பத்து பேர் மெட்ராஸ் போனோம். கேலரிக்குக் கீழே டிரஸ் மாற்றும் இடத்தில் கதவைச் சாத்திவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். நீ சொன்னபடி பெயரை மடித்துப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும்தான் படித்தேன். படித்து முடித்ததும் கேப்டன் நாகப்பன் எழுந்தான்.

“யார் எழுதினது இது?”

“அது வேணாம்பா. விசயத்தைப் பாரு.”

“பேர் இல்லாத லெட்டரை யார் வேணா எழுதலாம்ணா. மேட்ச்சுக்கு முன்னால வந்து எங்களுக்குள்ளயே சண்டை மூட்டிக்கினு இருக்கியா? வெளிய போ.”

மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த சாம்சன் மட்டும் தலையைத் தூக்கவில்லை. வெளியே விசில் ஊதிவிட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை மச்சான். மடிப்பைப் பிரித்துக் காட்டினேன். “கார்முகில் எழுதினது. என் வூட்டு மச்சான்” என்றேன்.

சாம்சன் அழ ஆரம்பித்தான். “என்னியும் வெள்ளிக்கெழம கூப்டாருண்ணா” என்றான்.

அவன் அன்றைக்கு ஆடியதை நீ பார்த்திருக்க வேண்டும். முழங்கால் அளவு சேறு. முதல் கோல் அவனுடையது. அவர்கள் ஒன்று திருப்பினார்கள். ஆட்டம் முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது மூன்று பேரை இழுத்துக்கொண்டு போய், விழுந்துகொண்டே இரண்டாவதை அடித்தான். எனக்கு இன்றுவரை குரல் திரும்பவில்லை.

இனி நீ கேட்ட விஷயம். பெரிய முதலாளி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, ராஜமாணிக்கம் ஹாஃப் டைமில் குடையோடு ஓடி வந்தார். மேட்ச் முடிந்ததும் ஆளுயர மாலை ஒன்றை அவர் கழுத்தில் போட்டேன். மைக்கை வாங்கி, “ஆறு வருசமா இந்த டீமை இந்த நிலைமைக்குக் கொண்டாந்த நம்ம மேனேஜர் சாருக்கு நன்றி” என்றேன். நூற்றுப்பத்து பேரும் கை தட்டினோம். கைதட்டும் ஜனம்தானே நாங்கள். நிறுத்தாமல் தட்டினோம். அவர் முகத்தில் மழைத் தண்ணீரும் வேர்வையும் சேர்ந்து வழிந்தது. மாலையைக் கழற்றவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. அதே கையோடு நோட்டீசைப் படித்தேன். பெரிய முதலாளி எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்து, “நாளைக்கே பதினாலு ஆர்டர் டைப் பண்ணிடுங்க” என்றார். ராஜமாணிக்கம் தலையைக் குனிந்து, “சரிங்கய்யா” என்றார். அந்தச் “சரிங்கய்யா”வுக்காக நான் ஆறு வருஷம் காத்திருந்தேன். இனித்தது மச்சான்.

கலைந்து போகும்போது ராஜமாணிக்கம் என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: “லெட்டர் எழுதினவன் ஓசூர்ல நம்ம யூனிட்லதானே இருக்கான் அரசு?”

யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. பதினான்கு பேர் இருந்த அறை.

ஆர்டர் பதினான்கும் வந்துவிட்டது. சாம்சன் உன்னைப் பார்க்க ஓசூர் வர வேண்டும் என்கிறான். ஊரில் சிலர் உன்னைப் பற்றிக் கண்டபடி பேசுகிறார்கள். நான் இருக்கும் இடத்தில் பேச விடுவதில்லை.

உன் அக்கா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை. என்மேல் கோபமா என்று எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

மாமா,
திருநாவுக்கரசு


ஓசூர்
22.12.1991

மாமாவுக்கு,

வணக்கம். டிசம்பர் முதல் தேதி எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் குழந்தையும் நலம். தந்தி கொடுக்காததற்குக் காரணம் உண்டு. மறுநாளே சார்ஜ் ஷீட் வந்தது, ஆறாம் தேதி எனக்கு வேலை போய்விட்டது. கம்பெனிக்கு அவதூறு செய்ததாகக் குற்றச்சாட்டு. பெயருக்கு ஒருநாள் விசாரணை என்று உட்கார வைத்தார்கள். நான் சாட்சி ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் நான் விட்ட கோலைப் பற்றியும் பேச வேண்டும்.

பூர்ணிமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டே, “எத்தனாவது நிமிஷம்?” என்று கேட்டாள். எண்பத்திரண்டு என்றேன். அடுத்த மாதம் கிருஷ்ணகிரிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை.

நீங்கள் மாலை போட்ட இடத்தைப் பல தடவை படித்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் இனித்தது.

கோபமா என்று கேட்டீர்கள். கோபம்தான். என் பெயரைச் சொன்னால்தான் பையன்கள் நம்பியிருப்பார்கள் என்று புரிகிறது. நான் அங்கே இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் சொன்னது நான் இல்லை, நீங்கள். அது ஆற நாளாகும். இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை. அக்காவை உங்களோடு பேசச் சொல்லித் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் பேசாமல் இருப்பது எனக்காக என்றால், அது எனக்கு வேண்டாம்.

இங்கே ஒரு லேத் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். பட்டறை ஆட்களும் கல்குவாரி ஆட்களும் சேர்ந்து ஒரு டீம் வைத்திருக்கிறார்கள். லீக் இல்லை, கோப்பை இல்லை. கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு தார் டின். கோல்கீப்பர் கிடைக்கவில்லை என்று என்னை வந்து கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை நின்றேன்.

நான்குக்குப் பூஜ்யம், தோற்றோம் மாமா. நான்கும் நான் விட்டதுதான். நான்குக்கும் பாய்ந்தேன். முழங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது.

கார்முகில்